எந்த இடத்தில் நின்றது?

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் கோபித்துக்கொள்வார். ஒருமுறை நன்றி சொல்கிறேன் பேர்வழி என்று ஒரு கல்யாண வீடியோவின் கடைசியில் அவர் பெயரைப் பூப்போட்டு ஓடவிட்டேன். பார்த்தவர், பொண்ணு மாப்பிள்ளை பெயர் போதும், எனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டு, என்னை உட்காரவைத்து அதை நீக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

நாங்கள் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். நாங்கள் என்றால், ராசிபுரத்திலிருந்து தம்மம்பட்டி வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தெரட்டி என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிற கூட்டம். தன் கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டு வருஷம் பாடம் எடுத்தாராம், அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். மீசை நரைத்த நான் போனில் "மிஸ்... மிஸ்..." என்று குழைவதைக் கேட்டு என் மனைவி அடுப்படியில் சிரித்துக்கொண்டிருப்பாள்.

சேலம் கோட்டைப் பக்கம், பள்ளிக்கூடப் பை விற்கிற அவருடைய அண்ணன் கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை. மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு ஐந்து குயர் நோட்டு. எங்கள் வீடியோக்கள் பூதாகாரமாக இருக்கும். அவற்றைச் சுருக்கி, ஜனங்கள் டிவியில் போட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு பென் டிரைவுக்குள் அடக்க ஒரு மென்பொருள் வேண்டும். காசு கொடுத்து வாங்குவதும் உண்டு. நாங்கள் வைத்திருந்தது இலவசம். எந்தெந்த தேசத்திலோ யார் யாரோ தங்கள் வேலை போக மிச்ச நேரத்தில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே திறந்தும் பாருங்கள் என்று விட்டது. நல்ல மென்பொருள்தான். ஆனால் சில நாள் பாதியில் மூச்சை விட்டுவிடும். அப்படி விட்டால் நாங்கள் மிஸ்ஸிடம் ஓடுவோம்.

நான் முதன்முதலில் போனது அப்படி ஒரு கோபத்தில்தான். மூன்று நாளாக ஒரு வீடியோ முடியவில்லை. போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், வருவதற்குள் செத்துக்கிடக்கும். ஹார்ட் டிஸ்க்கை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, மாடிப்படி ஏறியதும் ஏறாததுமாகத் திட்டித் தீர்த்தேன். ஓசிச் சாமான் இப்படித்தான் இருக்கும், தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியுமா என்று நானே கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அவர் குறுக்கே பேசவில்லை. முழுக்கக் கேட்டார்.

பிறகு சொன்னார். "பல்லைப் பாக்கலாம்ணே, தப்பே இல்ல. பாத்துட்டு, எந்தப் பல்லு ஆடுதுன்னு குடுத்தவங்களுக்குச் சொல்லணும். எந்த எடத்துல நின்னுச்சு?"

"அதும்பாட்டுக்கு நின்னுபோச்சுங்க."

"எதுவும் அதும்பாட்டுக்கு நிக்காதுண்ணே. எந்த எடத்துல?"

எனக்குத் தெரியவில்லை. யார் பார்த்தது? பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். டிஸ்க்கைக் கையால்கூடத் தொடவில்லை. ராசிபுரம் வந்து சேரும்வரை பஸ்ஸில் மனசுக்குள் அவரை வைதுகொண்டே வந்தேன். ஆனால் வீட்டில் உட்கார்ந்து, சாப்பிடப் போகாமல், கண் கொட்டாமல் பார்த்தேன். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பட்டாசு வெடிக்கிற இடத்தில் நின்றது. மறுபடி போட்டேன், அதே பட்டாசு. போன் பண்ணிச் சொன்னபோது பரீட்சையில் பாஸானவன் மாதிரி எனக்கே ஒரு பெருமை. அந்தப் பட்டாசுத் துண்டு மெமரி கார்டிலேயே பழுதாகியிருந்தது. கார்டை மாற்றச் சொன்னார். ஓசிச் சாமான்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அவரைப் பற்றிச் சொல்ல இந்த ஒரு கேள்வி போதும். எந்த இடத்தில் நின்றது? அழுதுகொண்டு வந்தாலும் அதுதான், ஆத்திரத்தோடு வந்தாலும் அதுதான். கீழே கடையில் அவர் அண்ணன் வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பினால்கூட, எந்த மாசத்திலிருந்து என்றுதான் கேட்பாராம். அண்ணன் இதை எங்களிடம் சொல்லிச் சொல்லி நொந்துகொள்வார்.

வேலை தொடங்குமுன் அவருக்குத் தட்டுவடை செட் ஒன்று வேண்டும். போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவோம். அதைத் தின்று முடித்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டுத்தான் கீபோர்டைத் தொடுவார். அதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வரும். கம்ப்யூட்டரைச் சும்மா அணைத்துப் போட்டால் சரியாகிவிடுமே மிஸ் என்று யாராவது சொன்னால் அவர் முகம் சுருங்கும். அணைத்துப் போட்டால் ஓடும், ஆனால் ஏன் நின்றது என்று தெரியாமல் போய்விடும், அப்புறம் உங்களுக்கு அவசரமான நாளாகப் பார்த்து நிற்கும் என்பார்.

கண்டுபிடிக்கிற முறை ஒன்றும் மாயமில்லை. கல்யாண மண்டபத்தில் சீரியல் பல்பு எரியவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் நடுவில் பிரித்துப் பார்ப்பான் இல்லையா, அதே வித்தைதான். இரண்டு மணி நேர வீடியோவை நடுவில் வெட்டுவார். முதல் பாதி ஓடினால் குற்றம் இரண்டாம் பாதியில். அதை மறுபடி நடுவில் வெட்டுவார். பதிமூன்று, பதினான்கு வெட்டில் ஒரே ஒரு நொடிக்கு வந்துவிடலாம் என்று நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஒவ்வொரு வெட்டையும் அந்த நோட்டில் எழுதுவார். ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. கடைசியில் கையில் இருக்கிற அந்தக் குட்டித் துண்டை, மென்பொருள் எழுதினவர்களுக்கு அனுப்புவார். இந்த இடத்தில் நிற்கிறது, இன்ன கம்ப்யூட்டர், இன்ன கேமரா, நான் செய்தது இது, எதிர்பார்த்தது இது, நடந்தது இது. அவ்வளவுதான். வசவு இருக்காது, கெஞ்சலும் இருக்காது. முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் ஒருத்தன் ரெண்டு நாளில் சரிசெய்து அனுப்புவான். எங்கள் ஊர்க் காதுகுத்து வீடியோவின் மூன்று நொடியை வைத்துக்கொண்டு அவன் அங்கே மண்டையை உடைத்துக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அவரும் தப்புப் பண்ணுவார். அதைச் சொல்லாவிட்டால் சித்திரம் முழுசாகாது.

தம்மம்பட்டிக்காரர் ஒருத்தர், எங்கள் தொழில்தான், கம்ப்யூட்டர் பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். எந்தக் கல்யாணத்தைப் போட்டாலும் படுத்துக்கொள்கிறது என்றார். அந்த வாரம்தான் மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருந்தது. மிஸ் அவசரப்பட்டுவிட்டார். புதுசில்தான் கோளாறு என்று அவர்களுக்கு எழுதிப் போட்டுவிட்டார். அப்புறம்தான் நோட்டைப் பார்த்தார். ஒரு வீடியோ தாலி கட்டுகையில் நின்றிருக்கிறது, இன்னொன்று பந்தியில். இடம் மாறுகிறது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து மறுபடி ஓட்டினார். எதைப் போட்டாலும் சரியாக இருபதாவது நிமிஷம். வீடியோவில் கோளாறு இருந்தால் இடம் மாறாது, நேரம் மாறாமல் இருக்கிறது என்றால் பெட்டியில்தான் கோளாறு என்று ஸ்குரூவைக் கழற்றினார்.

உள்ளே சாமந்திப்பூ. ஆயுத பூஜைக்குப் பெட்டியின் பின்புறம் சந்தனத்தை அப்பி, மாலையைச் சுற்றி, அந்தப் புண்ணியவான் ஒரு மாதம் எடுக்கவே இல்லை. காற்றுப் போகிற ஓட்டையைச் சந்தனம் அடைத்துவிட்டது. உதிர்ந்த இதழை விசிறி உள்ளே இழுத்துக்கொண்டது. சாதாரண வேலைக்குத் தாக்குப்பிடிக்கும், வீடியோ சுருக்குகிற வேலைக்கு இருபது நிமிஷத்தில் சூடேறி அணைந்துவிடும். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். தம்மம்பட்டிக்காரர், சாமி காரியத்தில் சிரிக்காதீர்கள் என்று சிடுசிடுத்தார். மிஸ் சிரிக்கவில்லை. முதலில் கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு, குற்றம் உங்களுடையதில்லை, சரியாகப் பார்க்காமல் எழுதினது என் தவறு, மன்னியுங்கள் என்று எழுதி அனுப்பினார். காரணத்தையும் எழுதினார். பூஜை என்றால் என்னவென்று விளக்கி, ஆயுதம் என்பதில் கம்ப்யூட்டர் எப்படிச் சேர்ந்தது என்றும் விளக்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து ஒருத்தர், படம் அனுப்ப முடியுமா என்று கேட்டார். அனுப்பினார். மறுநாள் அந்த மனுஷன் தன் கம்ப்யூட்டர்மேல் ஏதோ ஊதாப் பூவை வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தான்.

அப்போது நான் கேட்டேன், யாருக்கும் தெரியப்போவதில்லையே மிஸ், பேசாமல் விட்டிருக்கலாமே என்று. "அவங்க இல்லாத தப்பைத் தேடிட்டு உக்காந்திருப்பாங்களேண்ணே" என்றார். எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. உறைப்பதற்கு இன்னொரு நாள் வரவேண்டியிருந்தது.

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக் கல்யாணம். நான்தான் வீடியோ. பெண்ணின் அப்பா குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிற விவசாயி, அதிகம் பேசாத மனுஷன். கல்யாணம் முடிந்து பன்னிரண்டாம் நாள், கிழங்குக் காட்டில் தண்ணீர் மடை மாற்றிவிடப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. அதற்கு அடுத்த மாதம் அந்தப் பெண் என் கடைக்கு வந்தாள். அடுத்த சனிக்கிழமை கணவனோடு வெளிநாடு கிளம்புகிறாள். அதற்குள் வீடியோ வேண்டும் என்றாள். அப்புறம் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டாள்.

"ஏனுங்ணா, அப்பா பேசுனது அதுல எங்கியாச்சும் இருக்குதுங்களா? எங்க போன்ல எல்லாம் தேடிட்டோம். போட்டோவாத்தான் இருக்குது. குரலு ஒண்ணுகூட இல்லீங்ணா."

நான் தேடினேன். சத்தியமாகத் தேடினேன். ஆனால் எங்கள் வழக்கம் ஒன்று இருக்கிறது. கேமராவுக்குச் சத்தத்தை மண்டபத்து மைக் மிக்சரிலிருந்து ஒயர் போட்டு எடுத்துக்கொள்வோம். நாதஸ்வரமும் மங்கல வாழ்த்தும் சுத்தமாக விழும், கூட்டத்து இரைச்சல் விழாது. விழுந்த கொஞ்சநஞ்சத்தையும் அடக்கிவிட்டுச் சினிமாப் பாட்டுப் போட்டுவிடுவோம். அவர் வாயசைப்பது எட்டு இடத்தில் இருந்தது. எட்டு இடத்திலும் நாதஸ்வரம். இல்லையே சாமி என்று அந்தப் பெண்ணுக்குப் போனில் சொன்னேன். சரிங்ணா என்று வைத்துவிட்டாள்.

சரி, வீடியோவையாவது நேரத்துக்குக் கொடுப்போம் என்று துண்டுகளையெல்லாம் ஒட்டி ஒரே வீடியோவாக்கிச் சுருக்கப் போட்டேன். நாற்பத்தொரு சதவீதத்தில் நின்றது. தாரை வார்த்து முடிக்கிற இடம். மறுபடி போட்டேன், அங்கேயே. புதன்கிழமை காலையில் தட்டுவடை செட்டும் கையுமாகக் கோட்டைக்குப் போனேன். அந்த வீட்டுச் சங்கதி முழுவதையும் சொன்னேன். எந்த இடம் என்று அவர் கேட்குமுன் நானே சொன்னேன்.

"ஒரே கேமராவாண்ணே?" என்று கேட்டார்.

"ஒரே கேமராதாங்க மிஸ்" என்றேன்.

பொய். வாய் கூசாமல் சொன்ன பொய். அந்தக் கல்யாணத்துக்கு முதல் நாள் நான் பேட்டரிக்குச் சார்ஜ் போட மறந்திருந்தேன். தாரை வார்க்கிற நேரம் பார்த்துக் கேமரா அணைந்துவிட்டது. உறவுக்காரப் பையன் ஒருவன் காரில் கிடந்த என் பையிலிருந்து வேறு பேட்டரி எடுத்து வருவதற்குள், என் பாக்கெட்டிலிருந்த போனை எடுத்து முக்கால் நிமிஷம் சமாளித்தேன். அந்தத் துண்டைக் கேமராத் துண்டுகளுக்கு நடுவில் சொருகி, நிறத்தைச் சரிசெய்து, ஒருவருக்கும் தெரியாமல் ஒட்டிவிட்டேன். பெரிய கேமரா, பெரிய பேச்சு என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவன், தாரை வார்த்ததைப் போனில் எடுத்தான் என்று தெரிந்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு எவன் கூப்பிடுவான்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மறைத்து மறைத்து, அப்படி ஒரு துண்டு இருப்பதை நானே ஏறக்குறைய மறந்திருந்தேன்.

மிஸ் கை கழுவிவிட்டு வந்து வெட்ட ஆரம்பித்தார். அதற்கு முன் மென்பொருள் எழுதினவர்களுக்கு முதல் தகவலாக, ஒரே கேமராவில் எடுத்த வீடியோ, இந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதியும் போட்டுவிட்டார். ஓடியது, நின்றது, நின்றது, ஓடியது. நோட்டில் வரிகள் இறங்கிக்கொண்டே வந்தன. மத்தியானம் கீழேயிருந்து அவர் அண்ணன் டீ அனுப்பினார். அந்த இடத்தை வெட்டித் தூக்கிவிட்டு, நாலு போட்டோ வைத்து ஒரு பாட்டுப் போட்டுவிடுகிறேன் மிஸ், யாருக்கும் தெரியாது என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், வெட்டுவதற்கு நான் எதற்கு, ஒரு கத்தரிக்கோல் போதுமே என்றார்.

பன்னிரண்டாவது வெட்டில் அவர் கை நின்றது. இரண்டு பாதியையும் தனித்தனியே ஓட்டினார். இரண்டும் ஓடின. சேர்த்து ஓட்டினார். நின்றது. மறுபடி தனித்தனியே. ஓடின. சேர்த்து. நின்றது. நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"தப்பு இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. ஒட்டுன எடத்துல இருக்கு. இங்க எதை ஒட்டியிருக்கீங்கண்ணே?"

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். எனக்குக் கத்த வரும். இது எனக்கு வராத இடம். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி, போன், ஒட்டு எல்லாம். அவர் நோட்டில் அதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டார். கேமராவில் சத்தம் இரண்டு பக்கமாகப் பதிகிறது, என் போனில் ஒரே பக்கமாகப் பதிகிறது, நடுவில் அது மாறுகிற இடத்தில் மென்பொருள் தடுக்கி விழுகிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். பிறகு அவர்களுக்கு எழுத உட்கார்ந்தார்.

என்ன எழுதுகிறீர்கள் மிஸ் என்று பயந்துகொண்டே கேட்டேன். என் பொய்யை உலகம் பூராவும் படிக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"ரெண்டு கருவியில எடுத்து ஒட்டுனது, முதல்ல நான் சரியாக் கேக்கல, தப்பாச் சொல்லிட்டேன்னு எழுதறேன். ஆனாலும், உங்க சாஃப்ட்வேர் விழறதுக்கு முன்னாடி ஏன் விழறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு விழலாமேன்னும் எழுதறேன்."

"நீங்க கேட்டீங்களே மிஸ்."

"ஒரு தடவதான் கேட்டேன். ரெண்டு தடவ கேட்டிருக்கணும்."

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

போன் துண்டின் சத்தத்தை இரண்டு பக்கத்துக்கும் பிரித்துப்போட்டால் ஓடிவிடும் என்று சொல்லி, அந்தத் துண்டைத் தனியாக எடுத்தார். நான் அதன் சத்தத்தை எப்போதோ அடக்கிவைத்திருந்தேன். அவர் திறந்தார். காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். மறுபடி கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டி, இது யாருண்ணே என்றார்.

போன் மைக்குக்கு மிக்சரும் தெரியாது, நாதஸ்வரமும் தெரியாது. பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர் குரல்தான். தாரை வார்த்த சொம்பு கையில் இருக்க, பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்புகிறார். ஒன்றரை அடி தூரம். வேர்த்து விறுவிறுத்துப் போனைப் பிடித்திருந்த என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். "ஏஞ்சாமி, காத்தாலிருந்து நின்னுக்கிட்டே இருக்கறியே, சாப்பிட்டியா?"

அவர் முடிக்குமுன்பே அதன்மேல் என் குரல் விழுகிறது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பொண்ணு மறையுது."

அந்த மனுஷர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவ்வளவுதான் துண்டு.

நான் ஹெட்போனை மாட்டியபடியே உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. கல்யாண வேலை தலைக்குமேல் கிடக்கிற ஒருத்தர், பெண்ணைத் தாரை வார்த்த கையோடு, கூலிக்கு வந்தவன் சாப்பிட்டானா என்று கேட்கிறார். அவரை நான் விரட்டியிருக்கிறேன். குரலே இல்லை என்று அவர் பெண்ணிடமும் சொல்லியிருக்கிறேன். என் வெட்கத்தை மறைக்க வைத்த மூடிக்கு அடியில் அவர் குரலும் கிடந்திருக்கிறது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, என் குரலை மட்டும் எடுத்துவிட முடியுமா மிஸ் என்று கேட்டேன். அவர் முயன்றே பார்த்தார். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தன. என்னை எடுத்தால் அவருடைய 'சாப்பிட்டியா' பாதி போய்விடுகிறது. அப்படியே இருக்கட்டும் என்றேன்.

முழு வீடியோவும் அன்று சாயங்காலம் ஓடி முடிந்தது, எங்கேயும் நிற்கவில்லை. ஆனால் மிஸ்ஸிடம் இன்னொரு வழக்கம் உண்டு. யார் பார்க்கப்போகிறார்களோ அவர்கள் டிவியில் ஓடுவதை யாராவது கண்ணால் பார்த்தால்தான் வேலை முடிந்ததாக ஒப்புக்கொள்வார். எங்களைப் பார்க்கச் சொல்லி போனில் கேட்பதுதான் வழக்கம். இதற்கு மட்டும் தானே வருகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் அண்ணன் கடையைத் திறந்ததும், அவருடைய ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு மல்லசமுத்திரம் வந்துவிட்டார். நான் முன்னால் போய் ரோட்டில் காத்திருந்தேன்.

தோட்டத்து வீட்டில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. பெண், அவள் அம்மா, மாப்பிள்ளை மூன்று பேர். பென் டிரைவைச் சொருகி மிஸ் ரிமோட்டை வாங்கிக்கொண்டார். குரல் கிடைத்தது என்று நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. படம் ஓடியது. மங்கல வாழ்த்து, இணைச்சீர், தாரை. திடீரென்று நாதஸ்வரம் அடங்கி அந்தக் குரல் கூடத்தில் கேட்டது.

அந்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பெண் அழவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னாள். மிஸ் போட்டார். மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலீங்ளே அண்ணா. அன்னிக்குச் சாப்பிட்டீங்ளா, இல்லீங்ளா?"

சாப்பிட்டேனுங்க என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மிஸ் என்னைப் பார்க்கவில்லை, டிவியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனாலும் என்னால் முடியவில்லை.

"இல்லீங்க சாமி. பேட்டரிக்குச் சார்ஜ் போடாம வந்துட்டேன். கேமரா நின்னுபோச்சு. அந்தப் பதட்டத்துல போன்ல எடுத்தனுங்க. அதுலதான் உங்கப்பாவைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டேன். உங்ககிட்ட அதை மறைச்சதுனாலதான் குரலு இல்லைன்னும் சொல்லிட்டேன். தப்பு என்னுதுங்க."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெண் எழுந்து உள்ளே போனாள். திட்டப்போகிறாள், திட்டட்டும் என்று நின்றேன். இரண்டு வாழையிலையோடு வந்தாள். கூடத்தில் தண்ணீர் தெளித்துப் போட்டாள்.

"உக்காருங்ணா. அக்கா, நீங்களும் உக்காருங்க."

உட்கார்ந்தோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். அந்தம்மாவே நெய் ஊற்றினார். மிஸ் அங்கேயும் எழுந்து போய்ச் சோப்புக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு விரலாகக் கழுவிவிட்டுத்தான் வந்தார். இப்போது அவர் சேலத்தில் இல்லை, கணவருக்கு வேறு ஊரில் வேலை, அங்கே போய்விட்டார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த மேல்மாடி இல்லை, அந்தக் கூடத்தில் ஈரக் கையோடு வந்து இலைக்கு முன் உட்கார்ந்ததுதான்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பெண் டிவியைப் பார்த்து, அக்கா, இன்னொரு தடவ என்றாள். மிஸ் இடது கையால் ரிமோட்டை எடுத்தார். தேடவே இல்லை, முன்னே பின்னே போகவில்லை, சரியாக அந்த நொடிக்குக் கொண்டுபோய் நிறுத்தி ஓடவிட்டார்.

"ஏஞ்சாமி, காத்தாலிருந்து நின்னுக்கிட்டே இருக்கறியே, சாப்பிட்டியா?"

வாய் நிறையச் சோற்றோடு நான் டிவியைப் பார்த்துச் சொன்னேன்.

"சாப்பிடறேனுங்க."